ஓய்ந்த தறியும் மறுமணமும்

கைத்தறி ஒருவர் செய்யும் தொழிலன்று. தறிக்குழியில் அமர்ந்து நாடாவை ஓட்டுபவர் ஒருவராயினும், அவருக்குத் தார் சுற்றித் தருபவர் மற்றொருவர். விடியுமுன் பாவடியில் பாவை விரித்துக் கஞ்சியிட்டு ஆற்றுங்கால், மறுதலையைப் பற்றி நிற்பவரும் பெரும்பாலும் அவரே. அறுந்த இழையைப் பிணைப்பதும், நெய்த துணியை மடித்துச் சங்கத்திற்குக் கொண்டு செல்வதும் அவர் கைக்கே விடப்படுகின்றன. அதனால் நெசவாளர் இல்லத்தில் கணவனோ மனைவியோ மறைந்தால், எஞ்சியவர் துணையை இழப்பதோடு தொழிலில் பாதியையும் இழக்கிறார். ஆய்வுக்காகச் சங்கங்களுக்குச் செல்லும் நம் போன்றோர் இதனை முதலிற் காண்பது பேரேட்டில்தான். மாதந்தோறும் நூல் பெற்றுவந்த ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே இரண்டு மூன்று மாதங்கள் வெறுமையாயிருக்கும். காரணம் வினவினால், காரியதரிசி தலை நிமிராமலே, “அவர் வீட்டம்மா தவறிவிட்டார், ஐயா” என்பார்.

மறுமணத்தைப் பற்றிக் கூட்டுறவுத் திங்களிதழில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பங்குத்தொகை, சேமிப்பு, வாரிசு நியமனம், வீட்டுக்கடன் ஆகிய அனைத்தும் சங்கத்தின் ஏட்டில் உள்ளன. மறுமணம் என்ற பேச்சு எழுந்தவுடன் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்விகளும் இவற்றைப் பற்றியனவே. மனம் இசைந்தும் கணக்குக்கு அஞ்சி நின்றுவிட்டோரை நாம் சிற்றூர்கள் பலவற்றிற் கண்டிருக்கிறோம். அஞ்சாது நடந்த ஓர் இணையரின் வரலாற்றை, அவர்தம் இசைவு பெற்று, பெயரும் ஊரும் குறியாது இங்கே கூறுகிறோம்.

கொங்கு நாட்டில் ஒரு சிறுநகர். ஒரு பக்கம் தறித்தெருக்கள். மறுபக்கம் வாய்க்கால் தாண்டியதும் மஞ்சட்காடுகள். படுக்கை விரிப்பு நெய்யும் ஓர் அங்கத்தினர் 2019-ஆம் ஆண்டில், நாற்பது வயது நிரம்புமுன்னர், மாரடைப்பால் மறைந்தார். அவர் மனைவிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஏழு வயதுப் பெண் ஒருத்தி. பார்வை மங்கிய மாமியார். அவ்வம்மையார் கணவரின் தறியிலேயே நெய்யத் தொடங்கினார். தறிக்குழி அதில் அமர்பவரின் கால் நீளத்துக்கு வெட்டப்படுவது என்பதை நெசவாளர் அறிவர். கணவரின் குழியில் அவருக்குக் கால் எட்டவில்லை. அடியில் இரண்டு வரிசை செங்கல் பரப்பி, மிதிகட்டையைச் சற்றே உயர்த்திக்கொண்டார். குழியை மண்ணிட்டுத் தூர்த்துவிடுமாறு பலர் கூறியும் அவர் இசையவில்லை.

இரண்டு தெருக்கள் தள்ளி மற்றொரு நெசவாளர். அவருக்கு நாற்பத்தொரு வயது. மனைவி நெடுநாள் நோயுற்று மறைந்தபின், பள்ளியிற் படிக்கும் மகனோடு தனித்திருந்தார். தார் சுற்றுவதற்கு ஆளில்லை. ஆகவே, கூலிக்குச் சுற்றித் தரும்படி முற்கூறிய மாமியாரிடம் நூலைக் கொணர்ந்து கொடுத்துவந்தார். கண் மங்கினாலும் அம்மூதாட்டியின் கை பழுதறச் சுற்றும். அவர் மாலைதோறும் வருவார். திண்ணையில் நூலை வைப்பார். சுற்றிய தாரை எண்ணி எடுத்துக்கொண்டு செல்வார். வெறுந் தார்க்குச்சிகளைத் திருப்பித் தருங்கால், ஒட்டிய நூலை அகற்றி நிறவாரியாகக் கட்டித் தருவார். பார்வை குன்றிய கிழவி நிறம் பிரிக்க இடருறுவாளே என்று அவர் தாமே எண்ணிச் செய்தது அது. ஒருவரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதனை முதலிற் கவனித்தவர் மருமகள் அல்லர், மாமியாரே. ஓராண்டு கழிந்த பின் ஓரிரவில், “எனக்கப்புறம் உனக்கு யாரு இருக்கிறாங்க, அம்மிணி? அந்தத் தம்பி நல்ல மனுசன். யோசிச்சுப் பாரு” என்றாராம். மருமகள் மறுமொழி கூறாது எழுந்து சென்று இரண்டு நாட்கள் மாமியாரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “அத்தை, அந்தப் பேச்சை இனிமேல் எடுக்காதீங்க” என்று மட்டும் சொன்னாராம். மாமியாரும் எடுக்கவில்லை. ஆயினும் தார் சுற்றுவதை நிறுத்தவுமில்லை.

நம் ஊர்களில் முறைப்பெயரின்றி ஆடவரும் பெண்டிரும் பேசிக்கொள்வதில்லை. தெருவிலுள்ள ஆடவர் அண்ணனோ, தம்பியோ, மாமனோ, சித்தப்பனோ ஆகியே தீரவேண்டும். கணவனை இழந்தவள் பிற ஆடவரை ‘அண்ணா’ என்பதே பாதுகாப்பு. தெருவார்க்கும் அது நிறைவு. அவ்வம்மையாரும் அவரை அவ்வாறே அழைத்துவந்தார். எப்பொழுது என்று அவருக்கே நினைவில்லை, அச்சொல் நின்றுபோயிற்று. “ஏனுங்க, தார் எடுத்து வெச்சிருக்குதுங்க” என்றளவில் பேச்சு அமைந்தது. ஒரு சொல் குறைந்ததைத் தெரு உடனே கேட்டுக்கொண்டது. இருவர் மனத்திலும் இருந்ததை அவர்கள் ஒருவரிடம் ஒருவர் கூறிக்கொள்ளுமுன் பாவடியில் நின்றோர் கூறத் தொடங்கினர்.

அவ்வாண்டு ஆய்வுக்குச் சென்றிருந்த நம்மிடம் அவ்வம்மையார் கேட்டது மனத்தைப் பற்றியதன்று. “நான் மறுபடி தாலி கட்டிக்கிட்டா, என் புள்ளைக்குச் சேர வேண்டியது போயிருமுங்களா?” என்பதே வினா. கொழுந்தனார் வீட்டுக்கு வந்து, வேறொருவனை மணப்பவளுக்கு இவ்வீட்டில் ஒரு துரும்பும் இல்லை, தறியும் வீடும் தம் அண்ணன் வழியில் தமக்கே சேரும் என்று உரத்துக் கூறிச் சென்றிருந்தார்.

கொழுந்தனார் இதனைத் தாமே புனைந்தார் என்று கூறுவதற்கில்லை. ஒரு காலத்தில் சட்டமே அவ்வாறு இருந்தது. கைம்பெண்டிர் மறுமணத்தைச் செல்லுமென அறிவித்த 1856-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்துக்கொண்டது. மறுமணம் செய்தவள் முதற் கணவன் சொத்தில் தனக்கிருந்த உரிமையை, அவள் இறந்துவிட்டாற்போல், இழப்பாள் என்று அதன் இரண்டாம் பிரிவு விதித்தது. நூறாண்டு வழங்கிய அவ்விதி மக்கள் மனத்தில் இன்றும் சட்டமாகவே வாழ்கிறது. உண்மை நிலை வேறு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த கணவனின் சொத்தில் மனைவிக்குரிய பங்கு அவன் இறந்த அன்றே அவளைச் சேர்ந்துவிடுகிறது. அதுவும் முழு உரிமையாக. பின்னர் அவள் மறுமணம் செய்வதால் சேர்ந்த பங்கு மீளாது. 1856-ஆம் ஆண்டுச் சட்டமே 1983-இல் நீக்கப்பட்டுவிட்டது. 2008-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதனைத் தெளிவாக உரைத்தது.

இவ்வம்மையாரின் கணவர் வீட்டைத் தம் உழைப்பில் வாங்கித் தம் பெயரிலேயே வைத்திருந்தார். ஆகவே கணக்கு எளிது. தாய், மனைவி, மகள் ஆகிய மூவருக்கும் மூன்றில் ஒவ்வொரு பங்கு. அவர்களுள் ஒருவர் இருக்கும்வரை தமையனுக்கோ தம்பிக்கோ ஒன்றுமில்லை. தந்தை வழியில் மகளுக்கு வந்த பங்கு, தாய் யாரை மணந்தாலும் மகளுடையதே.

சங்கத்தின் ஏட்டில்தான் ஒரு சிக்கல் இருந்தது. மறைந்தவர் இருபது வயதில் அங்கத்தினராகச் சேர்ந்தபோது வாரிசு நியமனப் படிவத்தில் தாயின் பெயரை எழுதியிருந்தார். மணமாயிற்று, குழந்தை பிறந்தது, படிவம் மாற்றப்படவில்லை. (எத்தனை சங்கங்களில் எத்தனை படிவங்கள் இவ்வாறு கிடக்கின்றன என்று எண்ணினால் உறக்கம் வராது. பேரன் எடுத்துவிட்ட ஓர் அங்கத்தினரின் படிவத்தில், காலஞ்சென்று பல்லாண்டுகளான அவர் தந்தையே இன்னும் வாரிசு.) ஆகவே பங்குத்தொகையும் சேமிப்பும் மாமியாரிடம் வழங்கப்பட்டிருந்தன. நியமனம் பெற்றவர் தொகையைச் சங்கத்திடம் பெறுவதற்கு உரியவரேயன்றி, அதனால் மட்டுமே அதற்கு முழு உடையவராகிவிடுவதில்லை. சட்டப்படியான வாரிசுகளுக்கு அதில் பங்குண்டு. இதனை அம்மூதாட்டிக்கு எடுத்துரைக்க வேண்டியிராதபடி, அவர் அத்தொகையைத் தொடாமலே வைத்திருந்தார். பேத்தியின் பெயரில் வைப்பாகப் போட்டுத் தரும்படி எம்மிடமே கேட்டார். தம் பங்கையும் அதிலேயே சேர்க்கச் சொன்னார்.

அதன் பின்னும் அவர் முகம் தெளியவில்லை. மருமகளுக்கு வழி சொன்னவர் தமக்கு வழி அறியாதிருந்தார். மருமகள் புதுவீடு புகுந்தால் தாம் இளைய மகன் வீட்டுக்குத்தான் செல்லவேண்டும். அங்கே எவ்வாறு இருக்கும் என்பது, கொழுந்தனார் அன்று பேசிய பேச்சிலேயே தெரிந்துவிட்டது. இதனை அவர் வாய் திறந்து கூறவில்லை. நூல் கொணரும் நெசவாளரே ஒரு மாலை திண்ணையில் நின்றவாறே, “நீங்களும் வந்திருங்க, அம்மா. தார் சுத்த ஆளில்லாமத்தான் மொதல்ல உங்க வீட்டுக்கு வந்தேன்” என்றார். மருமகள் உள்ளே தறியில் இருந்தார். அதுகாறும் இசைவு தெரிவியாதிருந்த அவர் இசைந்தது அன்றைக்கே என்று பின்னர் நம்மிடம் கூறினார். மாமியாரையும் உடனழைத்துக்கொண்டு மறுமணம் புகுந்த மருமகளை அவ்வூர் அதற்குமுன் கண்டதில்லை. தெரு சில நாட்கள் சிரித்தது. பின்னர் வேறு பேச்சுக்குச் சென்றது.

மறுமணம் நம் மக்களுக்குப் புதிய வழக்கமென்று எண்ணுவோர் உளர். அஃது அன்று. உழைக்கும் சமூகங்கள் பலவற்றில் ‘அறுத்துக் கட்டுதல்’ என்னும் பெயராலேயே இவ்வழக்கம் இருந்தது. கையில் நாலு காசு சேர்ந்து, மேற்குலத்தாரைப் போல் வாழ முற்பட்டபோது இது இழிவெனப் பல குடும்பங்கள் கைவிட்டன. கைவிட்டதன் துயரை உணர்ந்தவர் மீண்டும் போராடிப் பெற வேண்டியதாயிற்று. ‘சுதேசமித்திரன்’ நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் இளம் கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-ஆம் ஆண்டில் பம்பாயில் மறுமணம் செய்வித்தார்; உறவும் ஊரும் அவரை ஒதுக்கின. ஈரோட்டில் பெரியார் 1909-ஆம் ஆண்டிலேயே, சுயமரியாதை இயக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னர், உடன்பிறந்தாள் மகளுக்கு மறுமணம் நடத்திவைத்தார்.

ஆடவர் திறம் வேறு. மனைவியை இழந்தவனுக்கு ஆண்டு திரும்புமுன் பெண் பார்க்கின்றனர். சமைத்துப்போட ஆள் வேண்டுமே என்கின்றனர். அவன் துயரை வினவுவார் இல்லை. தொல்காப்பியம் மனைவியை இழந்தவன் நிலைக்குத் ‘தபுதாரம்’ என்றும், கணவனை இழந்தவள் நிலைக்குத் ‘தாபதம்’ என்றும் பெயரிட்டு இருவரையும் ஒருங்கே வைத்து எண்ணியது. மனைவி மறைந்தபின்னும் தாம் உயிரோடிருப்பதை நொந்து சேரமான் மாக்கோதை பாடிய பாட்டு புறநானூற்றில் 245-ஆவதாக உள்ளது. இன்றைய பேச்சு வழக்கில் அவ்வாடவனைச் சுட்ட எளிய சொல் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. பெண்ணைச் சுட்டவோ வசைச்சொற்கள் பல. நாம் கூறும் நெசவாளர் மூன்றாண்டுகள் தனித்திருந்தார். உறவினர் இரண்டு முறை பெண் பார்த்தனர், அவர் இசையவில்லை. காரணம் கேட்டபோது, “வீட்டுக்கு ஆள் வேணும்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றது நாயமில்லைங்க” என்று மட்டும் கூறினார்.

திருமணம் 2023-ஆம் ஆண்டு மலைக்கோயிலில் இருபது பேருக்குக் குறைவானோர் முன்னிலையில் நிகழ்ந்தது. சங்கத் தலைவர் சாட்சியாய் நின்றார். தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009-ஆம் ஆண்டில் வந்தது முதல், எச்சமயத்தார் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்படவேண்டும். மறுமணத்திற்கு இப்பதிவு இருமடங்கு தேவை என்போம். நாளைப் பின் உரிமையை ஐயுறுவோர் வாயை அடைப்பது அந்தத் தாள் ஒன்றே.

மறைந்தவர் இருவரையும் என் செய்வது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. மங்கலத்தோடு மறைந்த மனைவியைப் பூவாடைக்காரி என்று சேலை படைத்து வணங்கும் வழக்கம் நம் நாட்டிற் பலவிடங்களில் உண்டு. ஆகவே முதல் மனைவிக்கு இடம் கிடைப்பது எளிதாயிற்று. மறுமணம் புகுந்தவளின் முதற் கணவனுக்கு இடம் தரும் வழக்கம் எதுவுமில்லை. படத்தைத் தம்மிடம் தந்துவிடுமாறு கொழுந்தனார் கேட்டார். சிறுமி தரவில்லை. இப்போது கூடத்தில் இரண்டு படங்களும் ஒரே சுவரில் உள்ளன. இரண்டு திதியும் அவ்வீட்டில் நடக்கின்றன. “அவரை மறந்துட்டு இவரை நெனக்கலீங்க. ரெண்டும் இருக்குது” என்றார் அவ்வம்மையார். சிறுமி புதியவரை ‘மாமா’ என்று அழைக்கிறாள். அப்பா என்று அழைக்கும்படி ஒருவரும் அவளைக் கூறவில்லை. அது நன்று என்பது நம் கருத்து. அவர் மகன் சில மாதங்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. பின்னர், பாட்டியின் கண் புரை அறுவைக்கு மருத்துவமனைக்கு உடன் சென்று இரவு தங்கியவன் அவனே.

அவ்வம்மையாரின் தறி பழைய வீட்டிலேயே, செங்கல் பரப்பிய குழியோடு இருக்கிறது. காலையில் அங்கே சென்று நெய்துவிட்டு உச்சிக்கு வருகிறார். அவர் இப்போது தம் பெயரிலேயே சங்க அங்கத்தினர். 2019–20-ஆம் ஆண்டு அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்டிர் எனக் கண்டது. சங்கப் பேரேடுகளில் ஆடவர் பெயரையே காணும் வழக்கமுள்ள நமக்கு அது வியப்பாயிருந்தது. பெயர் ஏட்டில் இருந்தால், ஒருவர் மறைந்த மறுமாதமும் நூல் வழங்கல் நிற்காது.

மறுமணம் எண்ணுவோர் முன்கூட்டி அறியவேண்டியன வேறு சில. ஆலைகளில் வேலை பார்த்து மறைந்தோரின் மனைவியர்க்கு 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் வரும் தொகை மறுமணத்தோடு நின்றுவிடும். பிள்ளைகளின் பங்கு தொடரும். ஆதரவற்ற விதவையர் உதவித்தொகையும் நிற்கும். ஆகவே எது நிற்கும், எது நிற்காது என்று எழுத்தில் கேட்டு அறிந்துகொள்வது நன்று. தாயின் இரண்டாம் கணவர் சொத்தில் முன்னைய குழந்தைக்குத் தானாகப் பங்கு வருவதில்லை. தர விரும்புவோர் உயில் எழுதவேண்டும். நம் நெசவாளர் எழுதிவிட்டார். அரசின் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு மறுமண உதவித் திட்டத்தில் நிதியும் தாலிக்குத் தங்கமும் உண்டு. மணமான ஆறு திங்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஆனால் மணமகன் நாற்பது வயதுக்குட்பட்டவராயிருத்தல் வேண்டுமென்பது விதி. இவ்விணையருக்கு அதனால் அது கிட்டவில்லை. நாற்பதைக் கடந்தவரும் மணஞ் செய்யக்கூடுமென்று விதி வகுத்தோர் எண்ணவில்லை போலும்.

வாய்க்காலுக்கு அப்பாலும் இப்போது இப்பேச்சு எட்டியுள்ளது. மஞ்சள் பயிரிடும் ஓர் அங்கத்தினர், ஐம்பத்தெட்டு வயதினர், மனைவியை இழந்து ஆறாண்டு ஆயிற்று. கணவரை இழந்த சத்துணவு அமைப்பாளர் ஒருவரை மணக்க விரும்புகிறார். மகன்கள் இருவரும் நிலத்தை எண்ணி மறுக்கின்றனர். ஒரு பகுதியை இப்போதே மகன்கள் பெயருக்கு எழுதிவைத்து, கிணறும் அதனைச் சுற்றிய நிலமும் தம் ஆயுள் வரை தம்மிடம் வைத்துக்கொள்ளலாமா என்று நம்மிடம் வினவினார். தம் சம்பாத்தியமாயின் தாராளமாகச் செய்யலாம், முன்னோர் சொத்தாயின் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள் என்றோம். அவ்வம்மையாரோ தமக்கு நிலம் எதுவும் வேண்டாமென்று மகன்களிடமே சொல்லியனுப்பியிருக்கிறார். மஞ்சள் வெட்டு முடியட்டும், பேசுவோம் என்று மகன்கள் கூறியுள்ளனர். வெட்டு தையில் தொடங்குகிறது.